சங்குமுத்துவின் கயிறும் உன் மச்சானும்

சேசு மரி சூசை துணை

திரேஸ்புரம், தூத்துக்குடி.
நவம்பர் மாதம், ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பூசை முடிந்து வந்து எழுதுவது.

என் கூடப் பிறந்தவனும், ஒரு காலத்தில் இந்தத் தெருவையே வயிறு வலிக்கச் சிரிக்கவைத்தவனும், இப்போது நீண்டகரையில் மலையாளம் பேசிக்கொண்டு திரிகிறவனுமாகிய தம்பி ஜேசுபாதத்துக்கு, அக்காள் ரோஸ் பனிமய மாதாவின் மேல் பாரத்தைப் போட்டு எழுதும் கடுதாசி.

நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் சுகமாயிருக்க, தினமும் ஜெபமாலை முடிந்ததும் உங்கள் பேருக்கென்று ஒரு அருள்நிறை மந்திரம் தனியாகச் சொல்லிவருகிறேன். அதை வேறு யார் கணக்கிலும் சேர்ப்பதில்லை. இங்கே நான் சுகம். மெரிட்டா சுகம். உன் மச்சான் சுகமா என்று அவரிடமே கேட்டால் "எதுக்குக் கேக்க?" என்பார். மூன்று வேளையும் சாப்பிடுகிறார், மீன் சின்னதாக இருந்தால் சத்தம் போடுகிறார், ஆகவே அவரும் சுகம் என்றே எழுதுகிறேன்.

போன் இருக்கும்போது கடுதாசி எதற்கு என்று நீ நினைப்பாய். நான் போன் பண்ணினால் நீ முதலில் கேட்பது "மச்சான் சொல்லிட்டாரா?" என்பதுதான். இல்லை என்றால் வைத்துவிடுகிறாய். வாட்ஸப்பில் எழுதினால் மெரிட்டா படிப்பாள், மெரிட்டா படித்தால் அவள் அப்பாவிடம் சொல்லாமல் இருக்கமாட்டாள். கடுதாசியைத்தான் உன்னால் பாதியில் வைக்க முடியாது. வைத்தாலும் அது அங்கேயே கிடக்கும், திரும்ப எடுத்துப் படிப்பாய். உன் குணம் எனக்குத் தெரியும்.

விஷயம் என்னவென்றால் மெரிட்டா கல்யாணத்துக்குத் தை மாதம் தேதி வைத்தாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் பத்திரிகை அடிக்க அவசரப்படுத்துகிறார்கள். தாய்மாமன் என்று போட்டு உன் பேரை எழுதுவதா, அந்த இடத்தைக் காலியாக விடுவதா என்று தெரியாமல் அச்சகத்துக்குப் போகவேண்டிய தாள் மாதா படத்துக்குப் பின்னால் கிடக்கிறது. மெரிட்டா ஒரே பிடியாகச் சொல்லிவிட்டாள்: "மாமா கையப் புடிச்சிக் கூட்டிட்டுப் போகாம நான் கோயில் வாசப்படி ஏறமாட்டேன்." நீயோ, "நான் கயித்த விடலன்னு மச்சான் அவரு வாயால சொல்லணும், அப்பத்தான் வருவேன்" என்கிறாய். அவரோ, "விட்டேன், தப்புதான்னு அவன் வந்து சொல்லட்டும்" என்கிறார். ஏழு வருஷமாக இதுதான் வழக்கு. அன்றைக்கு மச்சான் சங்கு குளிக்கக் கீழே இறங்கியிருக்க, மேலே வள்ளத்தில் அவர் கயிற்றைப் பிடித்து நின்ற நீ கடலில் விழுந்தாய், அது ஊருக்கே தெரியும். விட்டு விழுந்தாயா, பிடித்துக்கொண்டு விழுந்தாயா என்பதுதான் தெரியாது. பார்த்த நாலு பேரும் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் மறைத்துவிட்டது என்று சாட்சி சொல்லிவிட்டார்கள். இந்தச் சின்ன விஷயத்துக்கா ஒருவன் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு மாமியார் ஊருக்குப் போவான் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். நம் கரையில் கேட்கமாட்டார்கள்.

இப்போது நான் எழுதப்போவது ஒரு சினிமாவைப் பற்றி. சிரிக்காதே, முழுவதும் படி.

சினிமா என்றாலே எனக்கு நீதான் ஞாபகம். பெண்பிள்ளைகள் தியேட்டர் வாசலை மிதித்தால் காலை முறித்துவிடுவேன் என்று அம்மா சொன்னதால் நீ மட்டும் போவாய். போய்வந்து, ஜெபம் முடிந்ததும், வலைக் குவியலுக்குப் பின்னால் முழுப் படத்தையும் நடித்துக் காட்டுவாய். போலீஸும் நீ, திருடனும் நீ, என் தாவணியைச் சுற்றிக்கொண்டு கதாநாயகியும் நீ. துரத்துகிறவனும் ஓடுகிறவனும் ஒருவனே ஆனதால் ஒரே ஆளாக வலையைச் சுற்றிச் சுற்றி ஓடி, கடைசியில் உன்னை நீயே பிடித்து விலங்கு மாட்டிக்கொள்வாய். கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாகத் தியேட்டருக்குப் போனபோது கதாநாயகிக்கு மீசை அரும்பாதது கண்டு எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் எழுத்துக்கூட்டிப் படித்ததும் நீ வாங்கிவரும் பாட்டுப் புத்தகங்களில்தான். அம்மாவுக்குத் தெரியாமல் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துப் படித்ததால் இன்றைக்கும் பிரார்த்தனை சொல்லும்போது நடுவில் ஒரு காதல் பாட்டு வரி தலைநீட்டிவிடுகிறது. மாதா எனக்கு ரொம்ப நாள் பழக்கம், கண்டுகொள்ளமாட்டாள்.

கல்யாணம் ஆன புதிதில் நாம் மூன்று பேருமாகப் போவோமே, ஞாபகம் இருக்கிறதா? புதுப் பெண்டாட்டி பக்கத்தில் உட்காருவதற்கு உன் மச்சானுக்கு ஆசை இருந்தாலும், நீ பேசுவது இரண்டு பேருக்கும் கேட்கவேண்டும் என்று உன்னை நடுவில் உட்காரவைப்பார். திரையில் ஓடுவது பாதி, நீ சொல்வது பாதி. நீ சொன்ன பாதிதான் எனக்கு இன்னும் மறக்கவில்லை. நீ போன பிறகு அவர் தியேட்டர் பக்கம் தலைவைத்ததில்லை. கேட்டால் "சத்தம் ஜாஸ்தி" என்பார்.

அப்படிப்பட்டவர் இந்தப் படத்துக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. போன வருஷம் நம் கரையில் பத்து நாள் படம் பிடித்தார்கள். படத்தின் பேர் 'எஸ்.ஐ. சங்குமுத்து'. நம் தெருவில் பாதிப்பேர் கூட்டத்தில் நடந்திருக்கிறார்கள். ஆகவே படம் வந்ததும் அவரவர் முதுகைப் பார்க்க அவரவர் கிளம்பினார்கள். மெரிட்டா முதல் நாளே கூட்டாளிகளோடு பார்த்துவிட்டு வந்து "நம்ம வள்ளம் வருதுப்பா, ஒரு தடவ வந்துட்டுப் போகுது" என்று சொன்னாள். அவ்வளவுதான், ஆள் சட்டையை மாட்டிவிட்டார். போவது நாங்கள் இரண்டு பேர், அவர் வாங்கிவந்தது மூன்று டிக்கெட். "இதென்ன?" என்றேன். "கால நீட்ட ஒரு சீட்டு வேண்டாமா?" என்றார். உள்ளே போய் நடு சீட்டில் தன் துண்டை மடித்து வைத்தார். படம் முழுக்கக் காலை அந்தப் பக்கம் நீட்டவே இல்லை.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சங்குமுத்து தண்ணீரைக் கண்டால் நடுங்குகிற போலீஸ்காரன். வாளித் தண்ணீரில் குளிக்கவே வீட்டில் ஆள் பிடிக்கவேண்டும். அவனைப் போய் மேலதிகாரி, சங்கு குளிக்கிறவன் வேஷம் போட்டு, கப்பல் கந்தையா என்கிற கடத்தல்காரன் கூட்டத்தில் சேர்ந்து உளவு பார்க்கச் சொல்லுகிறார். கந்தையா என்ன கடத்துகிறான் என்பது கடைசிவரை யாருக்கும் தெரியாது. பெட்டி பெட்டியாக எதையோ ஏற்றுகிறார்கள், இறக்குகிறார்கள். சங்குமுத்து நண்டுக் கூடையில் உட்காருகிறான், எழும்போது கூடையும் கூடவே எழுகிறது. ஒட்டுமீசை வழுக்கி மீன்குழம்பில் விழ, கந்தையாவே அதை அள்ளிச் சோற்றில் போட்டு "முள்ளு நெறைய" என்கிறான். உப்பளத்தில் துரத்தும்போது உப்பு அம்பாரத்தின் உச்சியிலிருந்து சறுக்கிவந்து தலைமுதல் கால்வரை வெள்ளையாக அசையாமல் நிற்க, எனக்கு உப்புத்தூணாகிப்போன லோத்தின் மனைவி ஞாபகம் வந்துவிட்டது. வேதாகமத்தில் பயந்த இடத்துக்குத் தியேட்டரில் சிரிக்கிறோமே என்று ஒரு சிலுவை போட்டுக்கொண்டு சிரித்தேன். உன் மச்சானும் சிரித்தார். சிரித்துவிட்டு நடு சீட்டுப் பக்கம் திரும்பினார். அங்கே துண்டுதான் இருந்தது.

வினை அதற்கப்புறம்தான். கந்தையாவுக்குச் சங்குமுத்து மேல் சந்தேகம் வருகிறது. "நாளைக்கு நீ கடலில் இறங்கு, கயிற்றை நானே பிடிக்கிறேன்" என்கிறான். சொன்னபடி மறுநாள் வள்ளத்தில் நின்று கயிற்றைப் பிடித்தான் பார், எனக்குப் பின்வரிசையில் ஒரு குரல்:

"ஏளா, கந்தையால்லா கயித்தப் புடிக்கான்! அப்ப இவன் அவன் தங்கச்சியக் கெட்டிட்டானா?"

"பொறவு? மச்சான் இல்லாம எவன் புடிப்பான்?"

"நான் அப்பமே நெனச்சேன். அவ டீ குடுத்த குடுப்பே சரியில்ல."

கந்தையாவுக்கு ஒரு தங்கச்சி உண்டு. படத்தில் அதுவரை ஒரே ஒரு தடவை வந்து டீ வைத்துவிட்டுப் போனாள். கல்யாணப் பேச்சே கிடையாது. ஆனால் தியேட்டர் முழுக்கத் திரேஸ்புரத்துக்காரர்கள் ஆயிற்றே, கந்தையா கயிற்றைத் தொட்ட கணத்தில் அவளைச் சங்குமுத்துவுக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். இடைவேளையில் யாரும் படத்தைப் பற்றிப் பேசவில்லை, கல்யாணம் எப்போது நடந்தது என்றுதான் பேச்சு.

"நான் முறுக்கு வாங்கப் போனம்லா, அப்பக் காட்டியிருப்பான்."

"நான் எங்கயும் போகலயே, காட்டலளா."

"மூணு ஞாயிறு பூசையில கல்யாண ஓல வாசிக்காம எப்பிடிளா கெட்டுவான்?"

"அவன் பேரு கந்தையாளா. அவனுக்கு என்ன ஓல? முருகன் கோயில்ல வச்சிக் கெட்டியிருப்பான்."

"அப்ப வெட்டிட்டானுவ. படத்தோட நீளத்தக் கொறைக்கம்னு கல்யாணத்தையே வெட்டிட்டானுவ, பாவிப்பயலுவ."

தானும் படம் பார்க்க வந்து எனக்கு அந்தப் பக்கத்துச் சீட்டில் இருந்த பேச்சிச்செல்விக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீ ஊரைவிட்டுப் போன பிறகு வந்தவள் அவள். நம் தெருமுனையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறாள், பிறந்த ஊர் விளாத்திகுளம். கடலைக் கல்யாணத்துக்குப் பிறகுதான் பார்த்தவள். "கயித்த யாரு புடிச்சா என்னக்கா?" என்றாள். நான் சொன்னேன்: "கீழ போனவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு தாலி அறுப்பா? பெண்டாட்டி. அவ கூடப்பொறந்தவன் கையில கயித்தக் குடுத்தா, தங்கச்சி தாலி தன் கையில இருக்குன்னு கண்ணச் சிமிட்டாம நிப்பான். அண்ணன் தம்பிகிட்டக் கூடக் குடுக்கமாட்டாங்க. சொத்துன்னு வந்தா அவன் மனசு எப்பிடியோ? மச்சான் கையிலதான் குடுப்பாங்க." அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்க ஊர்ல கண்மாயில எவனும் கயிறு கெட்டிக் குளிக்கதில்லக்கா" என்றாள். அத்தோடு விட்டுவிட்டேன்.

இடைவேளைக்குப் பின் அந்தக் காட்சி. சங்குமுத்து கடலுக்கடியில் இருக்கிறான். வள்ளத்தில் அவன் கழற்றிவைத்த சட்டைப்பையில் போன் அடிக்கிறது, போலீஸ் விசில் சத்தத்தோடு. கந்தையா எடுத்துப் பார்த்தால் 'டி.எஸ்.பி. ஐயா' என்று வருகிறது. அவன் முகத்தை எட்டு விதமாக மாற்றி, இரண்டு கையையும் தூக்கி, கயிற்றை விட்டுவிட்டு ஒரு ஆட்டம் போடுகிறான். கயிறு பாம்பு மாதிரி நெளிந்து நெளிந்து கடலுக்குள் போகிறது. மற்ற ஊர்களில் இந்த இடத்தில் தியேட்டர் இடிந்து விழுந்ததாம். சென்னையில் ஒருவர், இந்த வருஷத்தின் மிகப்பெரிய சிரிப்பு இதுதான் என்று போனில் விமர்சனம் சொல்லியிருக்கிறார். எங்கள் தியேட்டரில் ஒரு சத்தம் இல்லை. முறுக்குக் கடிக்கிற சத்தம்கூட நின்றுபோயிற்று.

உன் மச்சான் எழுந்து நின்றார்.

"ஏலே! புடில! தங்கச்சி மாப்பிள்ளைல கீழ கெடக்கான்! கயித்தப் புடில!"

உடனே பின்வரிசை, முன்வரிசை, மாடி எல்லாம் சேர்ந்து "புடில! புடில!" என்று கத்த, டார்ச் லைட்டோடு ஓடிவந்த தியேட்டர்காரரும் திரையைப் பார்த்துவிட்டு நம் கரைக்காரராக இருந்தபடியால் அவரும் "புடில!" என்றார். பெண்கள் அந்த டீ கொடுத்த பிள்ளையை நினைத்து முந்தானையைக் கண்ணுக்கு எடுத்தார்கள். கந்தையா பிடிக்கவில்லை. உன் மச்சான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறு என்று வெளியே போய்விட்டார், நானும் பின்னாலேயே ஓடினேன். சங்குமுத்து எப்படிப் பிழைத்தான் என்பதைப் பேச்சிச்செல்வி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஆமை ஒன்றின் முதுகில் உட்கார்ந்து கரை சேர்ந்தானாம். அதை யாரும் குறை சொல்லவில்லை. ஆமையை நம்பலாம், கந்தையாவைத்தான் நம்பமுடியாது என்று பேசிக்கொண்டார்களாம்.

வெளியே சந்தனச்செல்வி என்று ஒரு பெண் கையில் மைக்கும் போனுமாக நின்றாள். படம் பார்த்துவிட்டு வருகிறவர்களிடம் கருத்துக் கேட்டு உலகத்துக்கே காட்டுவது அவள் தொழில். படம் முடியுமுன் முதல் ஆளாக வருகிறவரை விடுவாளா? "ஐயா, பாதியிலயே வாரீங்களே, படம் மொக்கையா?" என்று மைக்கை நீட்டினாள். வீட்டில் உப்பு இல்லை என்றால்கூட ஜாடையில் சொல்கிற மனுஷன், அந்த மைக்கைப் பார்த்துப் பேசினார் தம்பி. நான் பக்கத்தில் நின்று கேட்டதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். ஆயிற்று எத்தனையோ வருஷம் பங்குக்கோயில் அன்பியக் கூட்டத்துக்குக் கணக்கு எழுதுகிறேன், ஒரு காசு பிசகியதில்லை, இதுவும் பிசகாது:

"மொக்கையோ என்னவோ, கயிறு புடிக்கவன் சரியில்ல தாயி. எனக்கு ஒரு மச்சான் இருந்தான். இருக்கான். ஜேசுபாதம்னு பேரு. கிறுக்கன். கயித்தக் கையில வச்சிக்கிட்டே வள்ளத்துல நின்னு சினிமா நடிச்சிக் காட்டுவான். ஒரு நாளு போலீஸ்காரன் மாதிரி சல்யூட் அடிக்கேன்னு ஒரு கால ஓங்கி மிதிச்சான் பாரு, கால் வழுக்கித் தலகீழா விழுந்தான். நான் கீழருந்து ஏறி வாரேன், அவன் மேலருந்து எறங்கி வாரான். எந்தலையிலதான் வந்து உக்காந்தான். ரெண்டு பேரையும் ஒண்ணா வலையில அள்ளுன மாதிரி அள்ளித் தூக்கிப் போட்டானுவ. ஊரே சிரிச்சிச்சி. ஒரு வருசம் என்னைய எல்லாப் பயலும் 'மச்சான் வாகனம்'னு கூப்புட்டானுவ. ஆனா தாயி, அவன் கயித்த விடல. ஏழு சுத்து கையில சுத்தியிருந்தான். பிரிச்சு எடுக்க முடியல. கையில தோலு உரிஞ்சி ரத்தம் வருது, விடமாட்டேங்கான். தண்ணி குடிச்சி வயிறு ஊதிக் கெடக்கான், 'மச்சான் வந்துட்டாரா, மச்சான் வந்துட்டாரா'ன்னு கேக்கான். நான் அவன் பக்கத்துலதான் கெடக்கேன். அவன் மச்சான். இவன் யாரு? இவனப் போயி வில்லன்னு சொல்லுதீங்க. வில்லனுக்கு ஒரு மரியாத வேண்டாமா?"

சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு நடையைக் கட்டினார். நானும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னால் நடந்தேன். இந்த ஏழு சுற்றை ஏழு வருஷம் நெஞ்சுக்குள் வைத்திருந்தாரே மனுஷன்! 'மச்சான் வாகனம்' என்ற பட்டப்பெயருக்காக ஒருவனை ஊரைவிட்டு அனுப்பினாரே என்று கோபமும் வந்தது. எதை வரவில் வைப்பது, எதைச் செலவில் வைப்பது என்று தெரியவில்லை.

அந்த வீடியோ ராத்திரிக்குள் எல்லார் போனிலும் வந்துவிட்டது. அதற்குக் கீழே ஆளாளுக்கு எழுதிய கருத்தை மெரிட்டா வாசித்துக் காட்டினாள். "ஐயா கோபத்துல பாதி டிக்கெட் காசு திரும்பிருச்சு" என்று ஒருவர். "படத்தவிட இவரு நல்லா இருக்காரு" என்று ஒருவர். நம் தெருவில், துறைமுக அலுவலகத்தில் இருந்து ஓய்வுபெற்ற சிவசுப்பிரமணியன் சாருக்கு வேறு கவலை: "கப்பல் கட்டியிருக்க பக்கமே தப்புங்க. அந்த சைடுல அந்த மாதிரிக் கப்பல் நிக்காது. அத்தோட நான் படத்த நம்புறத நிறுத்திட்டேன்." நண்டுக் கூடையோடு எழுந்து நடந்ததை அவர் நம்பினார் போலும். பங்குச் சாமியார் இன்றைய பிரசங்கத்தில், பொய் வேஷம் வெகுநாள் நிலைக்காது என்று இந்தப் படத்தையே உதாரணமாகச் சொன்னார். பூசை முடிந்து காணிக்கைக் கணக்கு ஒப்படைக்கப் போனபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏம்மா ரோஸ், கந்தையா தங்கச்சியக் கெட்டிக் குடுத்தது எந்த சீன்ல? நான் கவனிக்காம விட்டுட்டேன்" என்றார். சாமியாரும் நம் கரைதானே.

இனி உன் மச்சான் கதையைக் கேள். மெரிட்டா அவர் முன்னால் போனை வைத்து "அப்பா, நீங்கதான" என்றாள்.

"நான் இல்ல."

"ஒங்க மூஞ்சிப்பா."

"என்னைய மாதிரி மூஞ்சி ஊர்ல ஆயிரம் கெடக்கு. எவனோ வேசம் போட்டிருக்கான். படத்துல போடலியா?"

"கொரலு?"

"இப்பல்லாம் கம்ப்யூட்டர்லயே எவன் வாயிலயும் எதையும் வச்சிப் பேச வைக்கான். பேப்பர்ல போட்டிருந்தான்."

"பக்கத்துல அம்மா நிக்காங்களே?"

அவர் என்னைப் பார்த்தார். போனைப் பார்த்தார். "அதும் இவ இல்ல" என்றார்.

பொய் சொல்வது பாவம் என்பதால் நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் ராத்திரி விளக்கை அணைத்த பிறகு பார்த்தேன், மெரிட்டா தூங்கிவிட்டாள் என்று நினைத்து அவள் போனை எடுத்து, "அந்த வேசக்காரன் என்னதான் சொல்லுதான்னு பாப்பம்" என்று எனக்குக் கேட்காது என்று நினைத்த குரலில் சொல்லிக்கொண்டு, அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். 'கயித்த விடல' என்கிற இடம் வரும்போதெல்லாம் தலையை ஆட்டினார்.

ஆகையால் தம்பி, நீ கேட்டது நடந்துவிட்டது. மச்சான் தன் வாயால் சொல்லவேண்டும் என்றாய், சொல்லிவிட்டார். உன்னிடம் சொல்லவில்லை, உலகத்திடம் சொன்னார், அது உன் அதிர்ஷ்டம். இனி அவரே உன்னைக் கூப்பிடுவார் என்று எதிர்பார்க்காதே, அது இந்த ஜென்மத்தில் நடக்காது. அவர் அப்பாவையும் தாத்தாவையும் எனக்குத் தெரியும், அந்தக் குடும்பத்தில் யாரும் யாரையும் கூப்பிட்டதில்லை. நீயே கிளம்பி வா. கல்லறைத் தோட்டத்தில் அம்மாவுக்கு மெழுகுதிரி கொளுத்த வந்தேன் என்று சொல்லு. வீடியோவைப் பற்றி மூச்சு விடாதே. பேச்சு வந்து, "விட்டியால்ல?" என்று அவர் வீம்புக்குக் கேட்டால், "ஆமா மச்சான், விட்டுட்டேன்" என்று ஒரு பொய் சொல்லிவிடு. அந்தப் பொய்யை நான் என் பாவசங்கீர்த்தனத்தில் சேர்த்துச் சொல்லிக்கொள்கிறேன், உனக்குப் பங்கு வேண்டாம். நான் கடுதாசி எழுதியது அவருக்குத் தெரியவே கூடாது. வரும்போது கருவாடு, பலாப்பழம், சிப்ஸ் என்று எதையும் தூக்கிக்கொண்டு வராதே. நீ வந்தால் போதும். நடு சீட்டு காலியாக இருக்கிறது.

உன் வீட்டுக்காரிக்கு என் அன்பு. பிள்ளைகள் தமிழ் எழுதப் படிக்க மறந்துவிடாமல் பார்த்துக்கொள். பாட்டுப் புத்தகமாவது வாங்கிக்கொடு, எனக்கு அது உதவிற்று. பனிமய மாதா தன் முக்காட்டின் ஒரு முனையை நீண்டகரை வரைக்கும் இழுத்து உங்களை மூடிக்கொள்ளட்டும். சூசையப்பர் உன் வீட்டுக் கூரையை ஒழுகாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன்னால் எழுத்துக்கூட்டக் கற்று, உனக்கே எழுதும் அக்காள்
ரோஸ்

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். இன்று திங்கட்கிழமை. மேலே சொன்னதில் ஒன்றையும் செய்யாதே. கிளம்பி வராதே. வீட்டிலேயே இரு. இன்று காலை உன் மச்சான் இருபத்தைந்து வருஷ மீசையை மழித்துவிட்டு, மெரிட்டாவின் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "வேளாங்கண்ணிக்கு ஒரு நேர்ச்சை இருக்கு, போயிட்டு வாரேன்" என்று கிளம்பிவிட்டார். பையைத் தூக்கிக் கொடுத்தபோது உள்ளே திருக்கைக் கருவாட்டு வாசனை. வேளாங்கண்ணி மாதாவுக்கு யாரும் திருக்கைக் கருவாடு நேர்ந்துகொண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. அதை அடித்துப்பிடித்துத் தின்கிறவன் எனக்குத் தெரிந்து ஒருவன்தான். அவர் ஏறியது உன் ஊர்ப் பக்கம் போகிற நாகர்கோவில் பஸ் என்று பேச்சிச்செல்வி வந்து சொன்னாள். அச்சகத்துக்குப் போகவேண்டிய தாளையும் மாதா படத்துக்குப் பின்னால் காணோம்.

அவர் முன்னால் வந்து சேர்ந்துவிடுவார், இந்தக் கடுதாசி பிறகுதான் வரும். ஆனாலும் பயமில்லை. நீ இதைப் படிக்கும்போது அவர் உன் வீட்டுக்கு எதிரே டீக்கடையில், மீன் விலை விசாரிக்க வந்த வியாபாரி மாதிரி, இரண்டாவது நாளாக உட்கார்ந்திருப்பார். எழுந்து வந்து கதவைத் தட்டமாட்டார். நீதான் போகவேண்டும். அந்த மீசையில்லாத முகத்தைப் பார்த்துச் சிரிக்காதே என்று சொன்னால் நீ கேட்கப்போவதில்லை. சிரித்துக்கொள். ஆனால் முதலில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பிறகு சிரி. விழுந்தால் இரண்டு பேரும் ஒரே பக்கமாக விழுவீர்கள்.